மெய்நிகர் கணினிக்கு அடையாளம் கொடுப்பது யார்?

புலம்பெயர் நாடுகளில் எம்மவர் நடத்தும் கடை, உணவகம், கோவில், தமிழ்ப் பாடசாலை எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. அதைப் பல ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம். பிரித்தானியாவிலும் கனடாவிலும் நிறுவனங்களுக்குப் பொதுவாக 6 ஆண்டுகள். ஜேர்மனியில் கணக்கேடுகளுக்கு 10 ஆண்டுகள். கணக்கு மென்பொருள் இருக்கும் கணினி அவ்வளவு காலம் உழைக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே பழைய கணினியின் வன்தட்டை முழுமையாகப் பிரதி எடுத்து, புதிய கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியாக இயக்கும்படி கணக்காளர்களாகிய நாம் பரிந்துரைப்பதுண்டு. ஆனால் கோப்புகள் அப்படியே இருக்க, மென்பொருள் மட்டும் 'இது வேறு கணினி' என்று திறக்க மறுக்கலாம். அது ஏன் என்பதை இங்கே பார்ப்போம்.

சாதாரண கணினியில் மின்சாரம் கொடுத்ததும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் ஒரு சிறு மென்பொருள். இதுவே ஃபேம்வெயர். பழைய கணினிகளில் இதனைப் பயாஸ் என்பர், புதியவற்றில் யூஈஎஃப்ஐ. நினைவகம் எவ்வளவு, அதில் எந்தப் பகுதியைப் பயன்படுத்தலாம், செயலிகள் எத்தனை, தயாரிப்பாளர் யார், தொடர் இலக்கம் என்ன என்பவற்றை விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளங்கள் இதனிடமிருந்தே அறிகின்றன.

மெய்நிகர் கணினிக்குச் சொந்தத் தாய்ப்பலகை இல்லை. அதை இயக்கும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள்தான் இந்தத் தகவல்களைக் கொடுக்க வேண்டும். முக்கியமானவை மூன்று. முதலாவது, நினைவக வரைபடம். இரண்டாவது, ஏசிபிஐ அட்டவணைகள். இன்டெல், மைக்ரோசொஃப்ட், தோஷிபா ஆகியவை சேர்ந்து 1996இல் வெளியிட்ட இந்த முறை, வன்பொருள் அமைப்பையும் மின்சக்திக் கட்டுப்பாட்டையும் விவரிக்கிறது. மூன்றாவது, எஸ்எம்பயாஸ், தயாரிப்பாளர், மாதிரி, தொடர் இலக்கம், யூயூஐடி எனப்படும் 128 பிட் அடையாள இலக்கம் ஆகியவை இதில் உள்ளன.

இவை எப்படிக் கைமாறுகின்றன? ஃபப்ரிஸ் பெலார்ட் உருவாக்கி 2003இல் வெளிவந்த கியூஎமு என்ற மென்பொருளை உதாரணமாக எடுப்போம். இன்டெல் வகைக் கணினிகளில் அது பதினறும எண்ணில் 510, 511 என்ற இரண்டு வாயில்களைத் திறந்து வைக்கிறது. உள்ளே இருக்கும் ஃபேம்வெயர், தனக்கு வேண்டிய விடயத்தின் இலக்கத்தை முதல் வாயிலில் எழுதும். பதிலை இரண்டாவது வாயிலில் பைட் பைட்டாக வாசிக்கும். பேரேட்டுக்கு இருப்பது போல ஓர் அட்டவணையும் உண்டு. எந்தத் தகவல் எந்தப் பெயரில், எந்த இலக்கத்தில் இருக்கிறது என்பதை அது காட்டும். ஃபேம்வெயர் இவற்றை எடுத்து நினைவகத்தில் வைத்த பின்னரே இயங்குதளம் ஆரம்பிக்கிறது. மற்ற ஹைப்பர்வைசர்களின் வழி வேறு, பயன் ஒன்றே.

மெய்நிகர் கணினிக்குத் தன்னைப் பற்றித் தெரிந்தவை பெரும்பாலும் வெளியிலிருந்து சொல்லப்பட்டவையே. அடையாள இலக்கம் மாறினால், அந்த இலக்கத்தைப் பார்த்து அனுமதி கொடுக்கும் மென்பொருள் மறுத்துவிடும். பத்திரமில்லாமல் எல்லை கடந்து வந்த எமக்கு இது விளங்கும்: ஆள் அவரேதான், தாளில் உள்ள இலக்கம்தான் வேறு.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை:

1. பழைய கணினி இயங்கும்போதே யூயூஐடி, தொடர் இலக்கம், தயாரிப்பாளர், மாதிரி, பயாஸா யூஈஎஃப்ஐயா என்பவற்றைக் குறித்து வையுங்கள். பயாஸ் முறையில் நிறுவிய வன்தட்டு யூஈஎஃப்ஐ முறையில் பொதுவாக ஆரம்பிக்காது. ஹைப்பர்-வி பாவிப்பவர்கள் முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை என்பதை உருவாக்கும்போதே தெரிவு செய்ய வேண்டும். பின்னர் மாற்ற முடியாது.

2. விஎம்வெயரில் மெய்நிகர் கணினியை இடம் மாற்றினால், 'நகர்த்தினீர்களா, பிரதி எடுத்தீர்களா' என்று கேட்கும். பிரதி என்றால் புதிய யூயூஐடி உருவாகும். நகர்த்தல் என்றால் பழையதே தொடரும்.

3. விண்டோஸ் 8இலிருந்து, விண்டோஸுடன் விற்கப்படும் பல கணினிகளில் அதன் உரிமச் சாவி ஏசிபிஐ அட்டவணை ஒன்றில் இருக்கிறது. வன்தட்டைப் பிரதி எடுத்தால் அது கூடவே வராது. மெய்நிகர் கணினியில் பாவிக்க அனுமதி உண்டா என்று விண்டோஸுக்கும் கணக்கு மென்பொருளுக்கும் தனித்தனியாக எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

4. வன்தட்டுப் பிரதியுடன் மெய்நிகர் கணினியின் அமைப்புக் கோப்பையும் சேர்த்துப் பாதுகாக்கவும். அடையாள இலக்கம் பெரும்பாலும் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது.

5. இந்த வழியாகக் கடவுச்சொற்களை உள்ளே அனுப்ப வேண்டாம். உள்ளே நிர்வாகி உரிமை உள்ளவர் அவற்றை வாசிக்கலாம்.

இன்னொன்று. ஹைப்பர்வைசரை வைத்திருப்பவர் விரும்பிய தொடர் இலக்கத்தைக் கொடுக்கலாம். ஆகவே மெய்நிகர் கணினி காட்டும் அடையாளம் ஒரு கூற்று மட்டுமே. பற்றுச்சீட்டு இல்லாத பதிவைப் போன்றது. அதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

பழைய கணினியைக் கழிப்பதற்கு முன், அதன் வலையமைப்புக் கம்பியைக் கழற்றி, மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு, மெய்நிகர் கணினியில் கடந்த ஆண்டின் ஐந்தொகையைத் திறந்து அச்செடுத்துப் பாருங்கள். அச்சு வந்தால்தான் இடமாற்றம் முடிந்தது.