அடுப்பில் போன பட்டியல்

சேலம் ஜில்லாவில் தறிக்காரர் தெரு ஒன்றில் நான் வளர்ந்தேன். அடுத்த வீட்டு அக்காவைத் தலைப்பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். பெண் குழந்தை வீடு வந்தது, அக்கா வரவில்லை. மூன்று நாள் அந்த வீட்டுத் தறி ஓடவில்லை. நாலாம் நாள் ஓடிற்று.

“எல்லாம் விதி” என்றார் அவள் மாமனார். தெருவும் தலையாட்டியது. வண்டி கிடைக்க எவ்வளவு நேரமாயிற்று, டாக்டர் எப்போது வந்து பார்த்தார், ரத்தம் கொடுத்தார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. துக்கத்துக்கு விதி நல்ல மருந்துதான். ஆனால் அடுத்தாற்போல் பிரசவத்துக்குப் போகிறவளை அது காப்பாற்றாது.

இப்போது பல ஆஸ்பத்திரிகளின் வாசலில் தரச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. நம் நாட்டில் இதற்கென ஒரு தேசிய அங்கீகார வாரியம் 2005-இல் ஏற்பட்டது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கான தேசியத் தர விதிகள் 2013-இல் வந்தன. இந்த ஏற்பாட்டின் பூர்வ கதை அமெரிக்காவில் இருக்கிறது. கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய கதைதான்.

முதல் மகாயுத்தம் முடிந்த சமயம். அங்குள்ள ரண சிகிச்சை டாக்டர்களின் சங்கம், 100 படுக்கைக்குக் குறையாத 692 ஆஸ்பத்திரிகளைச் சோதித்துப் பார்த்தது. பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நோயாளியைப் பற்றிய குறிப்புகளை ஒழுங்காக எழுதி வைக்கிறீர்களா? டாக்டர்கள் மாதம் ஒரு முறை கூடித் தங்கள் வேலையைத் தாங்களே பரிசீலிக்கிறீர்களா? எக்ஸ்ரேயும் பரிசோதனைச் சாலையும் உண்டா? இவ்வளவுதான். தேறியவை 89! தவறியவற்றில் தேசத்தின் பிரபல ஆஸ்பத்திரிகளும் இருந்தன. 1919-இல் நியூயார்க்கில் கூடிய மாநாட்டில் எண்ணிக்கையை மட்டும் வெளியிட்டார்கள். பெயர்ப் பட்டியலை வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலின் அடுப்பில் போட்டுக் கொளுத்திவிட்டார்கள்.

சிரிப்பு வருகிறது அல்லவா? எனக்கும் வந்தது. பிறகு எங்கள் தெரு ஞாபகத்துக்கு வந்தது. அவர்கள் காகிதத்தை எரித்தார்கள்; நாங்கள் கேள்வியையே எரித்துவிட்டோம்.

அந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறையினர் 1990-களில் கையில் எடுத்தார்கள். பிரசவத்தை ஒட்டி எந்தத் தாய் இறந்தாலும் அது பதிவாக வேண்டும். ஏன் இறந்தாள் என்று விசாரிக்க வேண்டும். இறந்தவளின் வீடு தேடிப் போய்க் கேட்கிறார்கள். கலெக்டர் நடத்தும் கூட்டத்தில் டாக்டர்களோடு அவளுடைய உறவினரும் உட்காருகிறார்கள். முக்கியமாகக் கேட்பவை மூன்று: வீட்டை விட்டுப் புறப்படத் தாமதம் ஏன்? வழியில் தாமதம் ஏன்? வந்து சேர்ந்த பின் சிகிச்சைக்குத் தாமதம் ஏன்? கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வலியோடு இறங்கி வருகிறவளுக்கு, அந்த இரண்டாவது கேள்வி உயிர்க் கேள்வி.

பிறகு இரவும் பகலும் நர்சுகள் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பெருகின. 2008-இல் 108 வண்டி வந்தது. 2001-03 கணக்கில் தமிழ்நாட்டில் லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார் இறந்தார்கள்; 2018-20 கணக்கில் 54 பேர். இந்தியா முழுவதற்குமான கணக்கு அப்போதும் 97. எல்லாம் விசாரணையின் பலன் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விசாரிக்காமல் இது நடந்திருக்காது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. விசாரணை திருத்துவதற்கே தவிர, தண்டிப்பதற்கல்ல. பயந்துபோன நர்சு நடந்ததை எழுத மாட்டாள். எழுதாத தவறு இன்னொரு ராத்திரி, இன்னொரு கட்டிலருகே திரும்ப வரும். சட்டத்துக்குள் தொங்கும் சான்றிதழைவிட, தன் தவறைத் தானே எழுதி வைக்கும் நோட்டுப் புத்தகத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்த அக்காவின் மகளுக்கு இப்போது பேரக் குழந்தைகள் இருக்கின்றன. “எங்கம்மா எதனால செத்துப் போனாங்க அண்ணா?” என்று ஒரு நாள் என்னைக் கேட்டாள். சொல்வதற்கு என்னிடமும் அவள் தாத்தா சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது.