கார் வானொலியும் தீப்பொறியும்

வானொலி பிறந்தது ஒரு தீப்பொறியிலேயாகும். 1887, 1888 ஆகிய ஆண்டுகளில் ஜேர்மனியின் கார்ல்ஸ்றூகே நகரில் ஹேர்ட்ஸ் என்னும் பேராசிரியர், இரு உலோகக் குண்டுகளுக்கிடையே மின்பொறி பாயச் செய்தார். அவற்றோடு யாதொரு தொடர்புமின்றி அப்பால் இருந்த கம்பி வளையமொன்றின் இடைவெளியிலும் மிக நுண்ணிய பொறி தோன்றிற்று. கண்ணுக்குப் புலனாகாத அலைகள் வெளியினூடே சென்றன என்பதற்கு அதுவே சான்றாயிற்று. மார்க்கோனி பின்னர் கடல் கடந்து செய்தி அனுப்பியதும், 1912 இல் மூழ்கிக்கொண்டிருந்த டைட்டானிக் கப்பல் உதவி கோரியதும் பொறியெழுப்பும் கருவிகளைக் கொண்டேயாம். ஆயினும், வானொலியை ஈன்ற அதே பொறி சில காலத்துள் அதற்குப் பெரும் பகையாகவும் மாறிற்று. அப்பகை முற்றி நின்ற இடம் மோட்டார் கார்.

பெற்றோலால் ஓடும் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைப்பது மின்பொறி. நான்கு சிலிண்டர்களைக் கொண்ட சாதாரண எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 3,000 முறை சுழலுமாயின், செக்கனுக்கு 100 பொறிகள் எழும். பொறி ஒவ்வொன்றும் பல்லாயிரம் வோல்ற்று அழுத்தத்திற் பாய்வது. ஒவ்வொன்றும் ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம். பிளக்குகளுக்குச் செல்லும் கம்பிகளே அந்நிலையத்தின் ஏரியல்களாகின்றன. இத்தகைய இயந்திரத்துக்கு ஓரிரு முழ தூரத்தில் வானொலிப் பெட்டியை வைத்துப் பாட்டுக் கேட்க விரும்பியவன், பேரிரைச்சல் மிக்க சந்தையின் நடுவே இரகசியம் கேட்க முயன்றவனை ஒத்தவன்.

அம்முயற்சியில் துணிந்து இறங்கியவர்களுள் ஒருவர் அமெரிக்கரான போல் கல்வின். அவர் 1928 இல் சிக்காகோ நகரில், தம் சகோதரர் யோசப்புடன் ஒரு சிறு தொழிற்சாலையைத் தொடங்கினார். வீட்டு வானொலிப் பெட்டிகளைப் பற்றரியின்றி இயக்க உதவும் கருவியே அங்கு செய்யப்பட்டது. விரைவில் வானொலிப் பெட்டிகள் நேரே வீட்டு மின்சாரத்தில் இயங்கும்படி அமைக்கப்படலாயின. அக்கருவிக்குத் தேவை அற்றுப்போயிற்று. 1929 இன் பொருளாதார வீழ்ச்சியும் உடன் வந்தது. தொழிற்சாலை பிழைப்பதற்கு அவர் கண்ட வழி கார் வானொலி. அதற்கு முன்பும் சிலர் கார்களில் வானொலி பொருத்தியதுண்டு. ஆனால் அவற்றின் விலை மிகுதி, பொருத்தும் வேலை கடினம், இரைச்சலோ தாங்கவொண்ணாதது. கல்வினும், வில்லியம் லியர், எல்மர் வேவரிங் என்பாரும் இத்தொல்லைகளை ஒவ்வொன்றாய் வென்றனர். 1930 ஆம் ஆண்டு அற்லாண்டிக் சிற்றி நகரில் வானொலி உற்பத்தியாளரின் மாநாடு நடந்தபொழுது, கல்வின் தம் காரை வெளியே நிறுத்தி, அதிலிருந்த வானொலியை வருவோர் போவோர் கேட்கும்படி ஒலிக்கச் செய்தார். ஓட்டத்தையும் ஒலியையும் இணைத்து அதற்கு அவர் இட்ட பெயர் மோட்டரோலா. 1947 இல் கம்பனியின் பெயரே அதுவாயிற்று.

இரைச்சலை வெல்வதற்கு முதற்படி, அது எங்கிருந்து வருகின்றது என அறிதல். வைத்தியன் நாடி பார்ப்பது போல, அக்காலத்து வானொலித் திருத்துநர்கள் காரின் ஒலியைக் கேட்டே நோயை அறியப் பழகினர். எஞ்சினின் வேகத்தோடு ஏறியிறங்கும் படபடப்பு, பிளக்குகளின் பொறியால் விளைவது. வேகம் கூடுந்தோறும் சுருதி உயரும் சீழ்க்கை, பற்றரிக்கு மின்னேற்றும் டைனமோவால் விளைவது. வண்டி ஓடிக்கொண்டிருக்கையில் சாவியைத் திருப்பிப் பொறியை நிறுத்தினால், படபடப்பு அக்கணமே ஓயும்; சீழ்க்கையோ எஞ்சின் சுழலும்வரை தொடர்ந்து மெல்லத் தேயும். எஞ்சின் முற்றாக நின்ற பின்னும், இறக்கத்தில் உருளும் வண்டியில் இரைச்சல் கேட்குமாயின் குற்றவாளி சக்கரம். வீதியில் உராயும் ரயர்களில் மின்னேற்றம் சேர்கின்றது. அச்சுக்கும் சக்கரத்துக்கும் இடையேயுள்ள கிறீஸ் படலம் அதனைத் தடுத்து நிறுத்த, அது இடையிடையே பொறியாய்த் தாவுகின்றது. ஏரியலின் கம்பியைக் கழற்றிப் பார்ப்பது மற்றொரு சோதனை. அப்பொழுது இரைச்சல் நின்றால் அது வான்வழி வந்தது. நில்லாவிடின் மின்சாரம் வரும் கம்பி வழியே வந்தது.

மூலம் தெரிந்தபின் மருந்து எளிது. பிளக்குக் கம்பிகளில் ஏறத்தாழ 10,000 ஓம் அளவான தடை பொருத்தப்பட்டது. எரிபொருளைப் பற்றவைக்கும் பொறிக்குச் சிறிதளவு மின்னோட்டமே போதும்; ஆகையால் தடை எஞ்சினைக் கெடுக்காமல், பொறியோடு எழும் அதிர்வை மட்டும் அடக்கிற்று. டைனமோவுக்குக் கண்டென்சர் எனப்படும் கொள்ளளவியும், சக்கரத்தின் குடத்துள் அச்சைத் தொட்டு நிற்கும் சிறு வில்லும் உதவின.

ஆனால் இரைச்சல் காருக்கு உரியவனை மட்டும் வருத்தவில்லை. 1936 இல் லண்டனில் தொலைக்காட்சி தொடங்கியபொழுது, தெருவிற் சென்ற கார்களின் பொறிகள் வீட்டுத் திரையில் வெண்புள்ளிகளாய்ச் சிதறின. தன் வண்டியில் வானொலியே இல்லாதவனும் அயலவனின் காட்சியைக் குலைத்தான். இரைச்சல் எழுப்புபவனுக்குக் கடமை உண்டா என்னும் வினா எழுந்தது. வானொலி இடையூற்றை ஆராயும் சர்வதேசக் குழு 1934 இலேயே கூடியிருந்தது. 1952 இல் பிரித்தானியாவில் இயற்றப்பட்ட ஒழுங்குவிதிகள், வாகனங்களின் பொறிமூட்டும் கருவிகளால் விளையும் இடையூற்றுக்கு எல்லை வகுத்தன. கேட்பவன் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்பதன்று, ஒலிப்பவன் அடக்கிக்கொள்ள வேண்டும் என்பதே அவ்விதிகளின் கருத்து.

இரைச்சலைப் பிறிதொரு வழியில் வென்றவர் எட்வின் ஆம்ஸ்றோங். மின்னலும் பொறியும் அலையின் வீச்சையே பெரிதும் குலைக்கின்றன என்பதால், செய்தியை வீச்சில் ஏற்றாது அலையின் அதிர்வெண்ணில் ஏற்றினார். 1933 இல் காப்புரிமை பெற்று, 1935 இல் நியூயோர்க்கில் பொறியியலாளர் முன் அதனை மெய்ப்பித்தார். எனினும், கம்பனிகளோடு நிகழ்ந்த நீண்ட வழக்குகள் அவரது செல்வத்தையும் மனவமைதியையும் கரைத்தன. 1954 இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் மனைவி மரியன் வழக்குகளைக் கைவிடவில்லை. 1967 இல் இறுதியாக அவர் வென்ற வழக்கின் எதிர்வாதி, காரின் இரைச்சலோடு போராடி வளர்ந்த அதே மோட்டரோலாக் கம்பனி.

1960 ஆம் ஆண்டுக்குப் பின் டைனமோவின் இடத்தை ஆல்ற்றனேற்றர் பிடித்தது; ஆயினும் சீழ்க்கை ஒழிந்தபாடில்லை. வானொலிப் பெட்டியும் ஒலிபெருக்கும் கருவியும் காரின் உடலில் வெவ்வேறிடங்களிற் பூமித் தொடுப்புப் பெற்றிருப்பின், அவ்விரு இடங்களுக்குமிடையேயுள்ள சிறு மின்னழுத்த வேறுபாடே சீழ்க்கையாய் ஒலிக்கும். இரண்டையும் ஒரே இடத்தில் இணைத்தால் அது பெரும்பாலும் அடங்கிவிடும். மின்சாரக் கார்களிற் பிளக்குகளும் இல்லை, பெற்றோலும் இல்லை. ஆனால் அவற்றின் மோட்டாரை இயக்கும் கருவிகள் செக்கனுக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை விட்டுவிட்டுப் பாய்ச்சுவதால், மத்திய அலை வானொலி மறுபடியும் தொல்லைக்குள்ளாயிற்று. 2023 இல் ஃபோர்ட் கம்பனி தன் புதிய வாகனங்களில் அவ்வானொலியைக் கைவிடப்போவதாக அறிவித்தது. இடர்க்கால எச்சரிக்கைகள் அவ்வலைவரிசையிலேயே நெடுந்தூரம் எட்டுகின்றன என்று பலர் எடுத்துரைக்கவே, அதே ஆண்டில் அம்முடிவை மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு வாகனத்திலும் அது இருத்தல் வேண்டும் என்னும் மசோதாவும் அவ்வாண்டில் அமெரிக்கக் காங்கிரசின் முன் வந்தது.

வானொலியை அகற்றுவது எளிது. இரைச்சலின் மூலத்தைத் தேடி அடக்குவதோ உழைப்பை வேண்டுவது. நூறாண்டை நெருங்கும் கார் வானொலியின் வரலாறு, கடினமான அவ்வழியைத் தெரிந்தவர்களால் எழுதப்பட்டதாகும்.