உதடுகளைத் தொட்ட தணல்



ஒவ்வொரு திருப்பலியிலும் தொடக்கவுரை முடிந்ததும் நாம் எல்லாரும் சேர்ந்து ஒரு பாடலைப் பாடுகிறோம். 'தூயவர்' என்ற சொல்லை மும்முறை சொல்லித் தொடங்கும் பாடல் அது. சிறு வயது முதல் பாடிப் பழகிவிட்டதால், அது எங்கிருந்து வந்தது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எருசலேம் கோவிலில் அதைக் கேட்ட எசாயா இறைவாக்கினர், தம் உதடுகள் தூய்மையற்றவை என்று சொல்லி நடுங்கினார். அந்த நடுக்கத்தின் வரலாற்றை இன்று சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

எசாயா தாம் கண்ட காட்சிக்கு ஒரு காலக் குறிப்பைத் தருகிறார். அது உசியா அரசர் இறந்த ஆண்டு. கி.மு. 740-ஐ ஒட்டிய காலம் என்பது அறிஞர்களின் கணிப்பு. இந்த உசியா யார் என்று தெரிந்துகொண்டால்தான் அந்தக் காட்சியின் ஆழம் நமக்குப் புரியும்.

குறிப்பேடு இரண்டாம் நூலின் 26-ஆம் அதிகாரம் அவரது வரலாற்றைச் சொல்கிறது. 16 வயதில் அரியணை ஏறியவர், 52 ஆண்டுகள் ஆட்சி செய்தார். பெலிஸ்தியரை வென்றார். எருசலேமின் வாயில்களில் காவல் மாடங்கள் கட்டினார். பாலைநிலத்தில் நீர்த்தொட்டிகள் வெட்டினார். வேளாண்மைமீது அவருக்குப் பெரும் விருப்பம் இருந்தது. அம்புகளையும் பெருங்கற்களையும் எறியும் பொறிகளையும் அமைத்தார். நல்ல அரசர்தாம். ஆனால், வலிமை பெருகியபோது செருக்கும் பெருகியது. ஒருநாள் தூபக் கலசத்தைக் கையில் ஏந்தி, தாமே தூபமிடக் கோவிலுக்குள் நுழைந்தார். அது ஆரோனின் வழிவந்த குருக்களுக்கே உரிய பணி. குரு அசரியாவும் அவரோடு 80 குருக்களும் அரசரைத் தடுத்து நின்றார்கள். அவர் சினம் கொண்டார். அந்நேரமே அவர் நெற்றியில் தொழுநோய் தோன்றியது. இறக்கும்வரை அவர் தனி வீட்டில் ஒதுங்கி வாழ, மகன் யோத்தாம் நாட்டைக் கவனித்தார்.

1931-ஆம் ஆண்டு, ஒலிவ மலையில் உள்ள உருசிய மடம் ஒன்றின் சேகரிப்பில் இருந்த ஒரு கற்பலகையைத் தொல்லியல் அறிஞர் சுகேனிக் அடையாளம் கண்டார். யூதா அரசர் உசியாவின் எலும்புகள் இங்குக் கொண்டுவரப்பட்டன, இதைத் திறக்க வேண்டாம் என்ற பொருளில் அரமேய மொழியில் அதில் எழுதியிருந்தது. அந்தப் பலகை நம் ஆண்டவர் வாழ்ந்த காலத்தை ஒட்டியது. எழுநூறு ஆண்டுகள் கடந்தும் அந்த அரசரை மக்கள் மறக்கவில்லை.

அந்த உசியா இறந்த ஆண்டில் எருசலேம் கலங்கியிருந்தது. வடகிழக்கில் அசீரியப் பேரரசு வளர்ந்துகொண்டிருந்தது. கி.மு. 745-இல் அங்கு அரியணை ஏறிய மூன்றாம் திக்லத்பிலேசர் நாடுகளை ஒவ்வொன்றாக அடக்கி வந்தார். இங்கோ நீண்ட காலம் ஆண்ட அரசர் போய்விட்டார். அந்த வேளையில்தான் எசாயா மிக உயரத்தில் வேறோர் அரியணையைக் கண்டார். ஆண்டவரின் முகத்தை அவர் விவரிக்கவில்லை. கோவிலை நிறைத்திருந்த ஆடையின் விளிம்பைப் பற்றி மட்டுமே சொல்கிறார். சேராபீன்களே தங்கள் முகத்தைச் சிறகுகளால் மூடிக்கொண்டார்கள். அவர்கள் பாடியபோது நிலைகளின் அடித்தளங்கள் அதிர்ந்தன. கோவில் புகையால் நிறைந்தது.

அன்பர்களே, இதுவும் அதே கோவில்தான். அரசர் தம் கையால் புகை எழுப்ப முயன்ற இடத்தை, கடவுளே புகையால் நிறைக்கிறார். தொழுநோயாளர் மேலுதட்டை மூடிக்கொண்டு, தாம் தீட்டானவர் என்று கூவ வேண்டும் என்பது லேவியர் நூலின் சட்டம். உடலில் எந்த நோயும் இல்லாத எசாயா, தம் உதடுகள் தூய்மையற்றவை என்று தாமே அறிக்கையிடுகிறார். தூய்மையற்ற உதடுகளுள்ள மக்கள் நடுவில் வாழ்வதாகவும் சொல்கிறார். உசியா தடுக்கப்பட்டபோது சினந்தார். எசாயா தம்மைத் தடுக்க ஒருவரும் இல்லாதபோதே நடுங்கினார்.

அந்த நடுக்கத்துக்குக் கடவுள் தந்த பதில் தண்டனை அன்று. பீடத்திலிருந்து குறடால் எடுத்த தணல் அவர் உதடுகளைத் தொட்டது, பாவம் நீங்கியது. அதன்பின் அவர் அஞ்சி ஒளியவில்லை. யாரை அனுப்புவது என்ற இறைவனின் குரலுக்குத் தம்மையே அனுப்பும்படி முன்வந்தார். அதுவும், கேட்க மனமில்லாத மக்களிடம் பேசும் கடினமான பணிக்கு.

ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின், பத்மு தீவில் யோவான் கண்ட காட்சியில் அதே பாடல் மீண்டும் ஒலிக்கிறது. அங்கே 24 மூப்பர்கள் தங்கள் பொன்முடிகளைக் கழற்றி அரியணைமுன் வைக்கிறார்கள். உசியா செய்யத் தவறியது இதுவே.

கி.பி. 96-ஐ ஒட்டி உரோமையின் புனித கிளமெந்து கொரிந்து திருச்சபைக்கு ஒரு மடல் எழுதினார். அங்கே பொறாமையாலும் பூசலாலும் மூப்பர்களைப் பதவியிலிருந்து நீக்கியிருந்தார்கள். அவர்களுக்குக் கிளமெந்து இந்த விண்ணகப் பாடலை நினைவூட்டி, நாமும் ஒருமனப்பட்டு ஒரே வாயாய் இறைவனை நோக்கிக் குரல் எழுப்புவோம் என்று அழைக்கிறார். 4-ஆம் நூற்றாண்டில் எருசலேம் திருச்சபை இதை நற்கருணைக் கொண்டாட்டத்தில் பாடியதைப் புனித சிரில் பெயரால் வழங்கும் மறையுரைகள் காட்டுகின்றன. அதே நூற்றாண்டில் சிரிய நாட்டுத் திருத்தொண்டர் புனித எப்ரேம், எசாயாவின் தணலில் நற்கருணையைக் கண்டார். சேராபீன் அந்தத் தணலைக் கையால் தொடவில்லை. எசாயா அதை உண்ணவில்லை. நமக்கோ ஆண்டவர் இரண்டையும் அருளியிருக்கிறார் என்பது அவர் தரும் விளக்கம்.

1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டில் மக்களின் மொழிக்கு வழி திறந்தது. அதனால்தான் இன்று நாம் இதைத் தமிழிலேயே பாடுகிறோம். வானதூதர் முகத்தை மூடிக்கொண்டு பாடியதைப் பாடும் உரிமை நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால், அதைப் பாடும் அதே உதடுகள்தாம் கோவில் வாசலைத் தாண்டியதும் அயலாரைப் பற்றிப் புறம் பேசுகின்றன. திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று சண்டையிடும் உதடுகளும் அவையே. ஒரே அன்பியத்தில் இருந்தும் ஆண்டுக்கணக்கில் ஒருவரோடு ஒருவர் பேசாத உதடுகளும் அவையே. பீடத்தருகே நிற்கும் குருக்களாகிய நாங்களும் இதற்கு விலக்கு அல்ல. நற்செய்தி வாசிக்குமுன், எம் இதயத்தையும் உதடுகளையும் தூய்மையாக்கும்படி பீடத்தின்முன் பணிந்து மன்றாட வேண்டியவர்கள் நாங்கள்.

இந்த ஞாயிறு அந்தப் பாடல் தொடங்கும்போது ஒரு கணம் எசாயாவை நினைப்போம். மனத்தில் அணிந்திருக்கும் முடி எதுவானாலும் அதைக் கழற்றி வைப்போம். நம் உதடுகளை ஆண்டவர் தொடும்படி கேட்போம். தொடப்பட்ட உதடுகளோடு, பேசாமல் விட்டிருக்கும் ஒருவரிடம் போய் முதல் சொல்லைச் சொல்லும் துணிவையும் அவரிடம் வேண்டுவோம். ஆமென்.