பானை யாருடையது?

சோளத்தை முளைகட்டி, அரைத்து, கொதிக்கவைத்து, புளிக்கவைத்து ஜூலுப் பெண்கள் வடித்த பீருக்கு உட்ஷ்வாலா என்று பேர். முன்னோருக்குப் படையல் அதுதான். விருந்தாளிக்குக் கொடுப்பதும் அதுதான்.

1908இல் நேட்டால் வெள்ளை அரசு சட்டம் போட்டது: இந்த பீரைக் காய்ச்சி விற்கும் ஏகபோகத்தை நகரசபைகள் எடுத்துக்கொள்ளலாம். டர்பன் உடனே எடுத்துக்கொண்டது. அதன்பிறகு நகரத்தில் வீட்டில் காய்ச்சினால் குற்றம். நகரசபைக் கடையில் வாங்கிக் குடித்தால் குற்றமில்லை.

லாபம் எங்கே போச்சு? கறுப்பரை அடைத்துவைத்த கொட்டடிகளுக்கும், அடக்கிவைத்த போலீசுக்கும். பூட்டும் அவனுக்குத்தான், பூட்டுக்குக் காசும் அவன் கூலிதான்.

பெண்களுக்கு நகரத்தில் வேலை அரிது. காய்ச்சி விற்ற காசில்தான் பிள்ளைகளுக்குக் கஞ்சி. பானையைப் பறித்தபின் புருஷன் கூலியும் கடையிலேயே கரைஞ்சது.

1929இல் தொழிற்சங்கத் தலைவர் சாம்பியன் முன்னின்று டர்பன் பீர்க்கடைகளைப் புறக்கணிக்கச் செய்தார். ஜூன் மோதலில் எட்டுப் பேர் செத்தார்கள். 1959 ஜூனில் கேட்டோ மேனர் குடிசைகளில் வீட்டு பீரை அதிகாரிகள் அழித்தபோது, பெண்கள் கம்போடு பீர்க்கடைக்குள் புகுந்தார்கள். ஆண்களை விரட்டினார்கள், பீரைக் கொட்டினார்கள். டோரத்தி நியெம்பே அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்றவர்.

இதை மதுவிலக்குப் போராட்டம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. கொட்டியவர்களே காய்ச்சினவர்கள் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். குடிக்கலாமா கூடாதா என்பதல்ல அங்கே கேள்வி. யார் காய்ச்சுறது, காசு யார் வீட்டுக்குப் போகுது? 1976இல் சொவெட்டோ மாணவர்கள் பீர்க்கடைகளுக்குத் தீ வைத்தபோதும் அந்தக் கேள்வி தீரவில்லை.