முடி உதிர்வு: நோயும் மருந்தும் காரணமாகலாம், மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து

கொல்கத்தாவின் கரியாஹாட் ஆனாலும் சென்னையின் தியாகராய நகர் ஆனாலும், முடி உதிர்வைத் தடுப்பதாகக் கூறும் எண்ணெய்களுக்கும் மாத்திரைகளுக்கும் கடைத்தெருவில் குறைவில்லை. ஆனால் பல நேரங்களில் உதிர்வுக்கான காரணம் உடலுக்குள் இருக்கும் நோயிலோ, அதற்காக உட்கொள்ளும் மருந்திலோ உள்ளது.

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பு. அதைவிடக் கூடுதலாக உதிர்ந்தால் காரணத்தைக் கண்டறிவது அவசியம்.

எந்த நோய்களால்?

தைராய்டு சுரப்பி குறைவாகச் சுரந்தாலும் மிகுதியாகச் சுரந்தாலும் முடி உதிரும். இரும்புச்சத்துக் குறைவு, பெண்களுக்கு ஏற்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, லூபஸ் ஆகியவையும் காரணங்களாகும். வட்ட வட்டமாக முடி கொட்டினால் அது புழுவெட்டாகவோ பூஞ்சைத் தொற்றாகவோ இருக்கலாம்.

டெங்கு, டைபாய்டு, கோவிட் போன்ற காய்ச்சல்கள், பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை, திடீர் எடைக் குறைவு ஆகியவற்றின் பாதிப்பு 2 அல்லது 3 மாதங்கள் கழித்தே தெரியவரும். இவ்வகை உதிர்வு பெரும்பாலும் தானாகவே சீராகிவிடும்.

எந்த மருந்துகளால்?

புற்றுநோய்க்கான கீமோதெரபி மருந்துகள் சில வாரங்களிலேயே முடியை உதிரச் செய்கின்றன. வலிப்புக்கான வால்ப்ரோயேட், ரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின், மனநலச் சிகிச்சைக்கான லித்தியம், ரத்த அழுத்தத்துக்கான சில பீட்டா பிளாக்கர்கள், மூட்டழற்சிக்கான மெத்தோட்ரெக்சேட், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் ஆகியவற்றாலும் சிலருக்கு முடி உதிரக்கூடும்.

இதற்கு அஞ்சி மருந்தைத் தாமாக நிறுத்துவது பெரும் ஆபத்து. வால்ப்ரோயேட்டைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு திரும்பலாம். வார்ஃபரினை நிறுத்தினால் ரத்தம் உறைந்து பக்கவாதம் நேரலாம். அளவைக் குறைப்பதையும் மாற்று மருந்து தருவதையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

சத்து மிகுந்தாலும் உதிரும்

மகாராஷ்டிர மாநிலம் புல்தானா மாவட்டத்தில் 2024 டிசம்பர் முதல் 2025 ஜனவரி வரையிலான காலத்தில் 18 கிராமங்களைச் சேர்ந்த 279 பேருக்குத் திடீரென முடி கொட்டியது. பலர் சில நாட்களிலேயே வழுக்கையாயினர். நியாயவிலைக் கடைக் கோதுமையில் செலினியம் அளவுக்கு மிஞ்சி இருந்ததே காரணம் என அங்கு ஆய்வு செய்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர் தெரிவித்தார்.

செலினியம் உடலுக்குத் தேவையான சத்துதான். ஆயினும் அதுவும் வைட்டமின் 'ஏ'யும் மிகுந்தால் முடியை உதிர்க்கும். முடி வளர்ச்சிக்கென விற்கப்படும் பல மாத்திரைகளில் உள்ள பயோட்டின், தைராய்டு, மாரடைப்பு ஆகியவற்றுக்கான சில ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பிழையாக்கக்கூடும் என 2017-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

என்ன செய்ய வேண்டும்?

கடந்த 6 மாதங்களில் ஏற்பட்ட நோய்கள், தொடங்கிய மருந்துகள், உட்கொண்ட சத்து மாத்திரைகள் ஆகியவற்றைப் பட்டியலிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டலாம். ரத்தசோகை, இரும்புச்சத்து, தைராய்டு பரிசோதனைகள் பலருக்கு முதல் விடையைத் தரும். பயோட்டின் எடுத்துக்கொள்பவர்கள் அதனைப் பரிசோதனைக்கு முன்பே தெரிவிக்க வேண்டும்.