காதுக்குள் ஒரு கோச்: ஒலிப்புத்தகமும் ஞாயித்துக்கிழமை கிரிக்கெட்டரும்

1999 மே 15, இங்கிலாந்தின் ஹோவ் மைதானம். உலகக்கோப்பையில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் மோதுகின்றன. இந்தியா பேட்டிங். ஃபீல்டிங்கில் நிற்கும் தென்னாப்பிரிக்க கேப்டன் ஹன்சி குரோனியே காதில் சின்னதாக ஏதோ ஒன்று தெரிகிறது. ஆலன் டொனால்ட் காதிலும் அதே. கோச் பாப் உல்மர் மைதானத்துக்கு வெளியே இருந்தபடி பேசுவதைக் கேட்பதற்கான இயர்பீஸ் அது. அதைத் தடுக்க அன்றைக்கு விதி எதுவும் இல்லை. ஆனாலும் மேட்ச் ரெஃப்ரி தலத் அலி, ஐசிசியிடம் கலந்து பேசிவிட்டு, டிரிங்க்ஸ் இடைவேளையில் கழற்றச் சொல்லிவிட்டார். மேட்சை தென்னாப்பிரிக்கா 4 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது வேறு கதை. கோச்சின் குரலைக் காதில் வாங்கிக்கொண்டே ஆடுவது அத்தோடு முடிந்தது.

இந்தச் சம்பவத்தை எல்லாரும் ஒரு வேடிக்கையாகத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொரு கேள்வி இருக்கிறது. மைதானத்துக்குள் குரல் வரக்கூடாது, சரி. மைதானத்துக்கு வெளியே, மேட்சுக்கு முந்தின நாட்களில், காதில் விழும் குரல் ஆட்டத்தை மாற்றுமா?

இந்தக் கேள்வி நம்ம மாதிரி ஆட்களுக்குத்தான் முக்கியம். பெரிய டீமுக்கு மனசைப் பார்த்துக்கொள்ளவே தனியாக ஆள் உண்டு. 2011இல் இந்தியா உலகக்கோப்பை ஜெயித்தபோது கேரி கிர்ஸ்டனோடு பேடி அப்டன் அந்த வேலையைச் செய்தார். வாரத்தில் 5 நாள் ஆபீஸ், ஞாயித்துக்கிழமை மட்டும் லீக் மேட்ச் என்று ஓடுகிற ஒருத்தனுக்கு அப்படி யாரும் கிடையாது. நெட் பிராக்டிஸுக்கே நேரம் இல்லை. இருக்கிற ஒரே காலி நேரம், வண்டியில் போகிற நேரம். என் விஷயத்தில் ஓஎம்ஆர் டிராபிக்கில் நாளைக்கு ஒன்றரை மணி நேரம். அதில் ஆடியோபுக் கேட்கிறேன். அதில் பாதி, விளையாட்டு மனம் பற்றிய புத்தகங்கள். பிரயோஜனம் உண்டா என்று தெரிந்துகொள்ள, இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட சுவாரசியமான ஆட்கள் கிடைத்தார்கள்.

தட்டில் வந்த புத்தகம்

ஒலிப்புத்தகம் சொகுசுக்காகப் பிறந்ததில்லை. முதல் உலகப்போரில் பார்வை இழந்து திரும்பிய சிப்பாய்களில் பலருக்கு, வளர்ந்த வயதில் பிரெய்ல் கற்பது பெரும் பாடாக இருந்தது. அவர்களையும் மனதில் வைத்துத்தான் பேசும் புத்தகம் என்ற யோசனை வலுப்பட்டது. அமெரிக்காவில் 1934இலும் பிரிட்டனில் 1935இலும் பார்வையற்றோருக்கான சேவையாக அது தொடங்கியது. அன்றைய சாதாரண கிராமபோன் தட்டு ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிடம்தான் ஓடும். அதில் நாவலை அடைக்க முடியாது. அதனால் பிரிட்டனில் நிமிடத்துக்கு 24 சுற்று என்று வேகத்தைக் குறைத்து, ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 25 நிமிடம் ஓடும்படி செய்தார்கள். அப்படியும் ஒரு நாவலுக்குப் பத்து தட்டு வேண்டியிருந்தது. அகதா கிறிஸ்டியின் ரோஜர் அக்ராய்ட் கொலை நாவல் அங்கே முதலில் வந்தவற்றில் ஒன்று.

பார்வை உள்ளவர்களிடம் இது வந்து சேர 40 வருஷம் ஆனது. கொண்டுவந்தவர் ஒரு விளையாட்டு வீரர்!

படகுக்காரர் டுவால் ஹெக்ட்

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் படகுப்போட்டி பல்லாரட் ஊரின் வெண்டூரி ஏரியில் நடந்தது. அங்கே இரண்டு பேர் துடுப்புப் போடும் பந்தயத்தில் ஜேம்ஸ் ஃபைஃபரோடு சேர்ந்து அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கியவர் டுவால் ஹெக்ட். துடுப்புப்போடுவதில் அன்றைக்குப் பெரிய காசு கிடையாது. அவரும் வேலைக்குப் போனார். கலிபோர்னியாவில் நியூபோர்ட் பீச்சில் வீடு, லாஸ் ஏஞ்சலீஸில் ஆபீஸ். தினமும் காரில் மணிக்கணக்கான பயணம். ரேடியோ சலித்துப்போனது. முழுப் புத்தகம் ஒன்றை யாராவது படித்துக் காட்டினால் நன்றாக இருக்குமே என்று தேடினார். வாங்குவதற்கு அப்படி எதுவும் இல்லை. 1975இல் தானே புக்ஸ் ஆன் டேப் என்ற கம்பெனியைத் தொடங்கினார். கேசட்டைத் தபாலில் வாடகைக்கு அனுப்புவது, கேட்டு முடித்ததும் திருப்பி வாங்கிக்கொள்வது. அதுதான் வியாபாரம்.

அவர் முதலில் பதிவு செய்த புத்தகம் ஜார்ஜ் பிளிம்டனின் பேப்பர் லயன். பிளிம்டன் ஒரு பத்திரிகையாளர். அமெரிக்கக் கால்பந்தில் டெட்ராய்ட் லயன்ஸ் டீமின் பயிற்சி முகாமில் போய்ச் சேர்ந்து, தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு நடுவில் தன்னைப் போன்ற அமெச்சூர் ஒருத்தன் நின்றால் என்ன ஆகும் என்று எழுதியவர். ஆக, வாடகை கேசட்டில் வந்த முதல் புத்தகமே ஒரு அமெச்சூரின் பயத்தையும் தடுமாற்றத்தையும் பற்றியது. 2001இல் கம்பெனியை ரேண்டம் ஹவுஸுக்கு விற்ற பிறகு ஹெக்ட் லாரி ஓட்டப் போனார். ஓட்டிக்கொண்டே புத்தகம் கேட்டார்.

இன்னொரு ஓடை தனியாக வந்தது. ஹெக்ட் தங்கம் வாங்கிய அதே 1956இல், ஏர்ல் நைட்டிங்கேல் என்ற ரேடியோக்காரர் தன் இன்சூரன்ஸ் ஏஜென்சி ஆட்களுக்காக ஒரு பேச்சைத் தட்டில் பதிவு செய்தார். தான் ஊரில் இல்லாத நேரத்தில் அவர்கள் கேட்பதற்காக. தி ஸ்ட்ரேஞ்சஸ்ட் சீக்ரெட் என்ற அந்தத் தட்டு 10 லட்சத்துக்கு மேல் விற்றது. தன்னம்பிக்கைப் பேச்சை ஒலியாக விற்கும் தொழிலே அதிலிருந்துதான் பெருகியது. 1979இல் சோனி வாக்மேன் வந்ததும் இந்த இரண்டு ஓடையும் காதோடு ஒட்டிக்கொண்டன. ஓடும்போதும் பயணத்திலும் கேட்கலாம் என்று ஆனது.

கால்வே போட்ட முட்டுக்கட்டை

இதற்கு நடுவில் 1974இல் திமோதி கால்வே எழுதிய தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ் வந்தது. ஹார்வர்டில் டென்னிஸ் கேப்டனாக இருந்தவர், பிறகு கோச். அவர் பார்த்தது இது: மாணவனுக்கு நிறையச் சொல்லச் சொல்ல அவன் ஆட்டம் கெடுகிறது. உள்ளே இரண்டு பேர் இருப்பதாக அவர் வைத்துக்கொண்டார். ஒருத்தன் உத்தரவு போடுகிறவன், இன்னொருத்தன் செய்கிறவன். உத்தரவு போடுகிறவன் வாயை மூடினால் செய்கிறவன் ஒழுங்காகச் செய்வான். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிது. பந்து தரையில் படும்போது ஒரு சொல், மட்டையில் படும்போது ஒரு சொல், வாய்விட்டுச் சொல்ல வைத்தார். உத்தரவு போடுகிறவனுக்கு இந்தச் சின்ன வேலை கிடைத்ததும் அவன் அடங்கிவிடுவான்.

இங்கேதான் சிக்கல். ஆடியோபுக் என்பதே காதில் ஓயாமல் பேசும் ஒரு குரல். கால்வே சொல்வதோ, உள்ளே பேசுகிற குரலை நிறுத்து என்பது. மனசை அடக்கச் சொல்லும் புத்தகத்தை 7 மணி நேரம் காதில் ஓட்டினால், உத்தரவு போடுகிறவனுக்கு 7 மணி நேரத் தீனி போட்ட மாதிரி ஆகாதா?

இது வெறும் வாதம் இல்லை. 1992இல் ரிச்சர்ட் மாஸ்டர்ஸ் என்ற உளவியலாளர் கோல்ஃப் தெரியாத ஆட்களை வைத்து ஒரு சோதனை செய்தார். ஒரு குழுவுக்குப் பந்தைக் குழிக்குள் தள்ளுவது எப்படி என்று விதிவிதியாகச் சொல்லிக் கொடுத்தார். இன்னொரு குழு வாயால் ஏதேதோ எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே, விதி எதுவும் இல்லாமல் பழகியது. பிறகு பணம், மதிப்பிட ஒரு நிபுணர் என்று அழுத்தம் கொடுத்துப் பார்த்தார். விதி கற்ற குழு அதற்கு மேல் முன்னேறாமல் நின்றுவிட்டது. எழுத்து சொன்ன குழு அழுத்தத்திலும் முன்னேறியது. கற்ற விதிகளை நெருக்கடியில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதுதான் கையைக் கட்டிப்போடுகிறது என்பது அவர் முடிவு.

கிரிக்கெட்டில் இதை அனுபவத்தாலேயே கண்டுகொண்டவர்கள் உண்டு. மைக் பிரியர்லி 39 டெஸ்ட் ஆடினார், சராசரி 22.88, சதம் கிடையாது. ஆனால் கேப்டனாக 31 டெஸ்டில் 18 வெற்றி, 4 தோல்வி மட்டும். பிறகு மனப்பகுப்பாய்வாளர் ஆனார். அவர் பேட்டிங் செய்யும்போது, பவுலர் ஓடி வரும் நேரத்தில் பீத்தோவனின் ரசுமோவ்ஸ்கி குவார்ட்டெட்டின் தொடக்கத்தை முணுமுணுப்பார். நம்ம சேவாக் இந்திப் பாட்டு பாடுவார். 2008இல் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 304 பந்தில் 319 அடித்தவர், பவுலர் ஓடி வரும்போது புட்வொர்க் பற்றி யோசிக்கிற ஆள் இல்லை.

கொஞ்சம் கணக்கு

சரி, அப்போ மனசுக்கு கிரிக்கெட்டில் வேலை எப்போது? இரண்டு பக்க பாப்பிங் கிரீஸுக்கும் நடுவே தூரம் 17.68 மீட்டர். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அதைக் கடக்க சுமார் 0.45 நொடி. நம்ம ஞாயித்துக்கிழமை பவுலர் 100 போட்டால் 0.64 நொடி. காற்றிலும் பிட்சிலும் வேகம் குறைவதால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆடியோபுக் வாசிப்பவர் நிமிடத்துக்கு 150 சொல் என்று வைத்தால், அந்த 0.64 நொடியில் ஒன்றரைச் சொல் வரும். எந்த அறிவுரையும் அந்த இடைவெளியில் நுழைய முடியாது.

இப்போ மறுபக்கம் பாருங்க. ஒருநாள் போட்டியில் 50 ஓவர் வீச மூன்றரை மணி நேரம். ஒரு பந்துக்கு 42 நொடி. நீங்க 40 பந்து ஆடணும்னா, எதிர்முனையில் நிற்பதையும் சேர்த்து கிட்டத்தட்ட 80 பந்து நேரம் உள்ளே இருக்கணும். அதாவது 56 நிமிடம். இதில் உங்களை நோக்கி வரும் பந்து காற்றில் இருக்கும் மொத்த நேரம் 26 நொடிதான். மீதி 55 நிமிடத்துக்கு மேல் சும்மா நிற்கிறோம். போன பந்தில் பீட்டன் ஆனது, டீமுக்கு வேண்டிய ரன் ரேட், ஸ்லிப்பில் நிற்பவன் சொன்ன நக்கல், எல்லாம் அந்த நேரத்தில்தான் உள்ளே வரும்.

கிரெக் சாப்பல் தன் கவனத்தை மூன்று நிலையாகப் பிரித்து வைத்திருந்தார். பந்துகளுக்கு நடுவே வெறும் விழிப்பு. பவுலர் ஓட ஆரம்பித்ததும் கொஞ்சம் கூர்மை. கை சுழலும் கணத்தில் உக்கிரமான கவனம், அதுவும் சில நொடிதான். பந்து முடிந்ததும் திரும்ப விழிப்பு நிலை. நாள் முழுக்க உக்கிரமாகவே நின்றால் யாராலும் தாங்க முடியாது. மனப்பயிற்சி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த ஏறி இறங்கும் பழக்கம்தான். இதை ஸ்டான்ஸ் பற்றிய புத்தகம் தராது.

நான் கேட்கும் முறை

இந்த வரலாற்றிலிருந்து எனக்குக் கிடைத்தது ஒரு பிரிவினை. 0.64 நொடிக்கான விஷயத்தைக் காதால் கற்க முடியாது. அது நெட்டில், உடம்பால் வருவது. 42 நொடிக்கான விஷயத்தைக் காதால் கற்கலாம். அதனால் பேட் பிடிப்பது, கால் நகர்த்துவது என்று சொல்லும் எதையும் நான் ஒலியாகக் கேட்பதில்லை. ஆட்டக்காரர்களின் சுயசரிதைகளைக் கேட்கிறேன். மோசமான சீசனை ஒருத்தர் எப்படிக் கடந்தார், டக் அவுட்டுக்கு அடுத்த நாள் என்ன செய்தார் என்று அவர் சொல்லும்போது, நமக்கு மட்டும்தான் இப்படி என்ற நினைப்பு குறைகிறது. அமெச்சூருக்கு அது பெரிய மருந்து.

ஒரே அத்தியாயத்தை மூன்று நாலு தடவை கேட்பது இரண்டாவது பழக்கம். வாரத்துக்கு ஒரு புத்தகம் முடிப்பதைவிட, பந்துக்குப் பின் செய்யும் ஒரு சின்னச் சடங்கைப் பிடித்துக்கொள்வது மேல். எனக்கு அது லெக் அம்பயர் பக்கம் இரண்டடி நடந்து, கிளவுஸைக் கழற்றி மாட்டுவது. அதைச் செய்து முடித்தால் போன பந்து முடிந்தது.

மூன்றாவது, சனிக்கிழமை ராத்திரியோடு புத்தகத்தை நிறுத்திவிடுவேன். ஞாயித்துக்கிழமை காலை கிரவுண்டுக்குப் போகும் வழியில் அறிவுரை வேண்டாம், இளையராஜா போதும். ஆறாவது ஆளாக இறங்கி, பவுலர் ஓடி வரும்போது காதில் இருக்கும் இயர்பீஸைக் கழற்ற எந்த ரெஃப்ரியும் வரமாட்டார். நாமதான் கழற்றி வைக்கணும். பிரியர்லிக்கு அதற்கு பீத்தோவன் வேண்டியிருந்தது. எனக்கு அன்றைக்குக் காரில் கடைசியாக ஓடிய பாட்டின் பல்லவி.