பல்கலைக்கழக சோசலிசக் கழகம்: நாட்டின் செல்வம் யார் கையில் என்று கேட்ட மாணவர்கள்

சிங்கப்பூர், புக்கிட் தீமாவில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1953 பிப்ரவரி 21ஆம் தேதி தோன்றியது பல்கலைக்கழக சோசலிசக் கழகம். நாட்டின் அரசியல், சமூக, பொருளாதாரப் பிரச்சினைகளைப் படித்து விவாதிப்பதே அதன் வேலை. பின்னாளில் புகழ்பெற்ற வரலாற்றாசிரியரான வாங் கங்வூ அதன் முதல் தலைவர்.

அது அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்த காலம். என்றாலும் கழகம் 'ஃபஜார்' என்ற ஏட்டை வெளியிட்டது. 'விடியல்' என்பது அதன் பொருள். காலனி ஆட்சியைக் கண்டித்து அதில் வெளிவந்த தலையங்கத்துக்காக, 1954 மே மாதம் எட்டு மாணவர்கள் கைது செய்யப்பட்டு தேச நிந்தனைக் குற்றச்சாட்டை எதிர்கொண்டனர். ஜேம்ஸ் புதுச்சேரி, எம்.கே. ராஜகுமார், பி. அருட்சோதி, எட்வின் தம்பு, தாமஸ் வர்க்கி, போ சூ காய், குவா பூ சிம், லாம் குவான் கிட் ஆகியோரே அந்த எண்மர். பிரிட்டனிலிருந்து வந்த வழக்கறிஞர் டி.என். பிரிட் அவர்களுக்காக வாதாடினார். அவருக்குத் துணை நின்றவர் இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூ. எதிர்வாதத்துக்கு அழைக்காமலேயே நீதிபதி அனைவரையும் விடுவித்தார்.

கழகத்தில் எழுந்த விவாதங்களின் பெரும் பலன், புதுச்சேரி எழுதிய நூல். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து பணியாற்றியவர் அவர். 1956இல் மீண்டும் தடுத்து வைக்கப்பட்டபோது, மலாயாப் பொருளாதாரம் யாருடைய உடைமை, யாருடைய கட்டுப்பாட்டில் உள்ளது என்பதைச் சிறையிலிருந்தபடியே ஆராய்ந்தார். நூல் 1960இல் வெளிவந்தது.

எல்லாமே சீனர் கையில் என்ற பேச்சு பரவலாக இருந்த நேரம் அது. ரப்பர் தோட்டங்கள், ஈயச் சுரங்கங்கள், ஏற்றுமதி இறக்குமதி ஆகியவற்றில் ஐரோப்பிய நிறுவனங்களின் ஆதிக்கமே பெரிது என்று புதுச்சேரி எடுத்துக்காட்டினார். நம் முன்னோர் பால் மரம் வெட்டிய பல தோட்டங்களின் நிர்வாகத்தை ஐரோப்பிய ஏஜென்சி நிறுவனங்கள்தாம் கையில் வைத்திருந்தன. மலாய்க்காரர்களில் சிலரை முதலாளிகளாக்கினால் ஏனைய மலாய்க்காரர்களின் வறுமை தீர்ந்துவிடாது என்றும் அவர் எச்சரித்தார். வறுமையை இனக் கணக்கில் மட்டும் பார்க்கக் கூடாது என்ற இந்தக் கருத்து, பின்னர் புதிய பொருளாதாரக் கொள்கை பற்றிய விவாதங்களிலும் பேசப்பட்டது.

'ஃபஜார்' 1963இல் தடை செய்யப்பட்டது. கழகம் 1971இல் கலைந்தது. எண்மரில் ஒருவரான ராஜகுமார், மலேசியாவின் மதிப்புமிக்க குடும்ப மருத்துவராகி, 1986 முதல் 1989 வரை உலகக் குடும்ப மருத்துவர் அமைப்பின் தலைவராகவும் இருந்தார்.

தோட்டங்கள் கைமாறி, துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளான பிறகும் நிலம் யாருக்கு, இலாபம் யாருக்கு என்ற அந்த மாணவர்களின் கேள்வி, தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் பழக்கமானதுதான்.